யப்பானியரின் பழம்பாட்டும் இளமை நினைவும்

இழந்த பொருளை மீட்டற்கு வழியுண்டு. இழந்த செல்வத்தை மீண்டும் ஈட்டற்கும் வழியுண்டு. கழிந்த இளமையை மீட்டற்கு மட்டும் வழி யாதுமில்லை. ஆயினும், என்றோ கேட்ட பாட்டொன்று எதிர்பாராத வேளையிற் காதில் விழும்போது, நரை கண்ட ஒருவர் தம் பதினெட்டாம் வயதின் தெருவையும் அத்தெருவில் உடன்வந்த முகங்களையும் ஒரு கணம் மீளப் பெறுகின்றார். இவ்வனுபவம் எல்லா நாட்டு மக்கட்கும் பொதுவானதே. ஆனால், அதற்கெனத் தனிப் பெயரொன்றை வகுத்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதற்கெனத் தனி நேரம் ஒதுக்கிப் போற்றிவந்தவர் யப்பானியர். அவர் 'நத்சுமெரோ' என வழங்கும் அப்பழம்பாட்டுக்கள் யாவை, அவை எவ்வாறு தோன்றின, நடுவயதினர் உள்ளத்தை அவை பிணிப்பது எதனால் என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

முதற்கண் பெயரை நோக்குதல் வேண்டும். 'நத்சுக்காஷி' என்பது யப்பானிய மொழியில் உள்ளத்தோடு ஒட்டிய ஒன்றன் நினைவு எழுப்பும் இனிய ஏக்கத்தைக் குறிக்கும் சொல். ஒன்றனோடு பழகி அன்பு கொள்ளுதல் என்னும் பொருள்படும் பழைய வினையினின்று அது பிறந்தது. எனவே அதன் வேரில் உள்ளது துயரமன்று, நெருக்கமேயாம். அதனோடு 'மெலடி' என்னும் ஆங்கிலச் சொல்லின் யப்பானிய உருவாகிய 'மெரோதீ' என்பதன் முற்பகுதி சேர்ந்து 'நத்சுமெரோ' ஆயிற்று. உலகப் போருக்குப் பின்னர் வானொலி நிகழ்ச்சிகளாற் பரவிய இப்பெயர், 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிலே தொலைக்காட்சியாற் பெருவழக்குப் பெற்றது. யப்பானிய ஒலிபரப்புக் கழகம் 1969ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நினைவின் மெல்லிசை' என்னும் கோடைகால நிகழ்ச்சி இவ்வகையிற் புகழ்பெற்றது.

இங்கே ஓர் உண்மை தெளியற்பாலது. நத்சுமெரோ என்பது ஓர் இசைவகையின் பெயரன்று; பாட்டுக்கும் கேட்போரின் வயதுக்கும் இடையே உள்ள உறவின் பெயர். 1969இல் அந்நிகழ்ச்சியைக் கண்டு கண்கலங்கிய நடுவயதினர்க்குப் பழம்பாட்டென்பது 1930ஆம் ஆண்டுகளிற் பிறந்த பாட்டு. அன்று அவரருகே சலிப்போடு அமர்ந்திருந்த சிறுவர் இன்று தாமே முதுமையின் வாயிலில் நிற்கின்றனர்; அவர்க்குப் பழம்பாட்டென்பது 1970ஆம், 1980ஆம் ஆண்டுகளின் பாட்டு. ஆற்றங்கரை அங்கேயே நிற்க நீர் மாறிக்கொண்டிருத்தல் போல, பெயர் நிற்கப் பாட்டுக்கள் மாறிவந்துள்ளன.

இப்பாட்டுக்கள் யாவற்றிற்கும் தாயாக விளங்குவது 'கயோக்கியொக்கு' எனப்படும் யப்பானிய மெல்லிசை. இது மேனாட்டிசையும் யப்பானிய இசையுணர்வும் கலந்து பிறந்தது. மெயிஜி காலத்திலே மேனாட்டுச் சுரவரிசையின் ஏழு சுரங்களுக்கும் யப்பானியர் தம் எண்ணுப்பெயர்களையே சூட்டினர். அவற்றுள் நான்காவதற்கு 'யோ' என்றும் ஏழாவதற்கு 'நா' என்றும் பெயர். இவ்விரண்டையும் நீக்கிய ஐந்து சுர அமைப்பு 'யோநாநுக்கி' எனப்பட்டது. 'நுக்கி' என்பது நீக்கம். கருநாடக இசை பயின்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஏழு சுரங்களில் மத்திமமும் நிடாதமும் நீங்கின் எஞ்சுவன சட்சம், ரிடபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம் என்னும் ஐந்தாம். மகிழ்ச்சிப் பாட்டுக்களில் வழங்கும் யோநாநுக்கி, சுரத்தானங்களால் மோகன இராகத்தோடு ஒத்தது. துயரப் பாட்டுக்களில் வழங்குவதோ, சிவரஞ்சனி இராகத்தின் தைவதத்தைச் சுத்த தைவதமாகத் தாழ்த்தினாற் பெறப்படும் அமைப்பாகும். கமகமும் இராக விரிவும் அங்கில்லை. ஆதலின் இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. எனினும், யப்பானியப் பழம்பாட்டு முதன்முறை கேட்கும் தமிழ்ச் செவிக்கும் அன்னியமாகத் தோன்றாமைக்கு இவ்வொப்புமை ஒரு காரணம் ஆகலாம்.

இம்மெல்லிசையின் வரலாற்றை 1914ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் மரபு. அவ்வாண்டு தோல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' என்னும் நாவல் தோக்கியோவில் நாடகமாக நடிக்கப்பெற்றது. அதில் மத்சுயி சுமாக்கோ என்னும் நடிகை பாடிய 'கத்யூஷாவின் பாட்டு' நாடெங்கும் பரவிற்று. அதற்கு இசையமைத்த நக்கயாமா ஷிம்பெய் என்பாரே 1929இல் 'தோக்கியோ அணிநடை' என்னும் பாட்டையும் ஆக்கினார். அது மிசொகுச்சி கெஞ்சி இயக்கிய திரைப்படத்தோடு இணைந்து வெளிவந்தது. பாட்டு, படம், இசைத்தட்டு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வாணிக முறை அன்று வேரூன்றியது. அடுத்து, 1931இல் கோகா மசாவோ இசையமைத்துப் புஜியாமா இச்சிரோ பாடிய 'மது கண்ணீரோ பெருமூச்சோ' என்னும் பாட்டு ஒரு திருப்பமாயிற்று. மின்முறை ஒலிப்பதிவு அக்காலத்திற் புதிது. மண்டபம் அதிரப் பாடவேண்டிய தேவை நீங்கியமையின், புஜியாமா ஒலிவாங்கியின் அருகே நின்று ஒருவர் காதில் மற்றொருவர் கூறுவது போல மெல்லப் பாடினார். ஆயிரம் பேர் கேட்கும் பாட்டு ஒருவருக்கென்றே பாடப்பட்டதாகத் தோன்றும் அந்தரங்கத் தன்மை அன்றுதொட்டு இம்மெல்லிசையின் உயிராயிற்று. பின்னாளிற் கேட்போர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டை 'என் பாட்டு' என்று உரிமை கொண்டாடுதற்கு வித்து இங்கேயே இடப்பட்டது.

போர்க்காலம் இப்பாட்டுலகின் மனச்சான்றைச் சோதித்தது. கொசெக்கி யூஜி என்னும் இசையமைப்பாளர் 1937இல் 'பாசறைப் பாட்டு' என்னும் படைப்பாட்டை ஆக்கினார். படைவீரர் அதனைப் பாடிக்கொண்டு போர்முனைக்குச் சென்றனர். அவரே 1949இல், அணுகுண்டால் அழிந்த நாகசாக்கியை நினைந்து 'நாகசாக்கியின் மணி' என்னும் பாட்டுக்கு இசையமைத்தார். 1964இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவின் அணிநடை இசையும் அவருடையதே. போருக்கு அனுப்பிய இசையும், இறந்தாரை நினைந்த இசையும், அமைதி விழாவுக்கு வரவேற்ற இசையும் ஒரே கையினின்று பிறந்தன. இதற்கு மாறாக, அவாயா நொரிக்கோ என்னும் பாடகி படைப்பாட்டுப் பாட மறுத்தவர். ஹத்தொரி ரியோயிச்சி இசையமைக்க 1937இல் அவர் பாடிய 'பிரிவின் புளூஸ்' மனவுறுதியைக் குலைப்பதென அதிகாரிகளால் வெறுக்கப்பட்டது. ஆயினும் போர்முனையிலிருந்த வீரர் அதனையே விரும்பிக் கேட்டனர். போர்த் தலைமுறையினர் முதுமையிற் பழம்பாட்டுப் பாடியபோது இவ்விருவகைப் பாட்டுக்களும் கலந்தே வந்தன. நினைவின் இனிமை, நினைக்கப்படும் காலத்தின் நேர்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

போர் ஓய்ந்து இரு திங்கள் கழியுமுன், 1945 ஒக்டோபர் மாதத்தில் வெளிவந்த திரைப்படமொன்றில் நமிக்கி மிச்சிக்கோ 'அப்பிள் பாட்டு' என்பதைப் பாடினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்துத் தோக்கியோ வான்தாக்குதலில் அவர் தம் தாயை இழந்திருந்தார். சாம்பல் மேடாகிய நகரிற் செங்கனியொன்றைப் பற்றிய எளிய களிப்புப் பாட்டு, பசித்தோர் செவிக்கு உணவாயிற்று. 1949இல் யோக்ககாமாவைச் சேர்ந்த மிசோரா ஹிபாரி என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி முதிர்ந்தோர் குரலிற் பாடிப் புகழடைந்தாள். அடுத்த நாற்பது ஆண்டுகள் யப்பானிய மெல்லிசை அரசியாகத் திகழ்ந்தவர் அவரே.

அடுத்துவந்த பொருளாதார எழுச்சிக் காலத்தின் பாட்டுக்களை விளங்கிக்கொள்ள, அக்காலப் புகைவண்டிகளை அறிதல் வேண்டும். வடகிழக்கு மாகாணங்களின் வறிய உழவர் குடிகளிற் பிறந்து, இடைநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுச் சிறுவரும் சிறுமியரும் கூட்டங்கூட்டமாகத் தனி வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இறக்கப்பட்டனர். தொழிற்சாலைகளும் கடைகளும் அவர்களை ஏற்றுக்கொண்டன. 'பொன் முட்டைகள்' என்று முதலாளிகள் அவர்களைப் பாராட்டினர். ஆனால் அப்பொன் முட்டைகளுக்கு வாய்த்தவை நெருக்கடியான விடுதி அறையும் நீண்ட வேலை நேரமுமேயாம். 1964இல் அவோமொரி மாகாணத்தவராகிய இசாவா ஹச்சிரோ பாடிய 'ஆ, உவேனோ நிலையமே' என்னும் பாட்டு இவர்களின் உள்ளக் குரலாயிற்று. இம்முறை 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஒழிந்தது. இன்று உவேனோ நிலையத்தின் முன்னே அப்பாட்டுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அரசர்க்கும் வீரர்க்கும் கல் நாட்டுதல் உலகவழக்கு. தாயைப் பிரிந்து வந்த கூலிச் சிறுவரின் பாட்டுக்குக் கல் நாட்டியமை எண்ணத்தக்கது.

இதே காலத்திற் பிறந்த மற்றொரு பாட்டு யப்பானின் எல்லையைக் கடந்தது. எய் ரொக்குசுக்கே எழுதி, நக்கமுரா ஹச்சிதாய் இசையமைத்து, சக்கமோட்டோ கியூ 1961இற் பாடிய 'மேல்நோக்கி நடப்போம்' என்பதே அது. கண்ணீர் சிந்தாதிருத்தற்பொருட்டு வானை நோக்கி நடக்கும் ஒருவனின் தனிமையே அதன் பொருள். பாட்டோடு சற்றும் தொடர்பற்ற 'சுக்கியாக்கி' என்னும் உணவுப் பெயரோடு அமெரிக்காவில் வெளியிடப்பெற்று, 1963 யூன் மாதத்தில் அந்நாட்டு விற்பனை வரிசையில் மூன்று வாரம் முதலிடம் பெற்றது. சொல் விளங்காதோரும் துயரை விளங்கிக்கொண்டனர். சக்கமோட்டோ 1985 ஓகஸ்து 12ஆம் நாள் 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்திலே தம் நாற்பத்து மூன்றாம் வயதில் உயிர்நீத்தார். அதன் பின்னர் அப்பாட்டைக் கேட்ட யப்பானியர் மேல்நோக்கியது வேறு பொருளோடு என்பது கூறாமலே விளங்கும்.

இனி, இன்றைய நடுவயதினரும் அவர்க்குச் சற்று மூத்தோரும் தம் இளமைப் பாட்டென உரிமை கொண்டாடும் 1970ஆம், 1980ஆம் ஆண்டுகளின் பாட்டுக்கள் நோக்கற்பாலன. இவை தொலைக்காட்சியின் பிள்ளைகள். ஆண்டிறுதி இரவில் ஆடவர் அணியும் மகளிர் அணியும் பாடிப் போட்டியிடும் 'செவ்வணி வெள்ளணிப் பாட்டுப் போர்' என்னும் நிகழ்ச்சியை 1963ஆம் ஆண்டில் நூற்றுக்கு 81.4 வீதமான பார்வையாளர் கண்டனர் என்பது கணக்கு. வீட்டிற்கு ஒரு பெட்டி. அப்பெட்டியின் முன் பாட்டன் முதற் பேரன் ஈறாக ஒரு குடும்பம். ஆகவே ஒருவன் விரும்பாத பாட்டும் அவன் காதிற் புகுந்து நினைவில் தங்கியது. ஒரு தலைமுறை முழுவதும் ஒரே பாட்டுக்களை அறிந்திருத்தற்குக் காரணம் சுவை ஒருமையன்று, பெட்டியின் ஒருமையேயாம்.

பாட்டு ஆக்கும் முறையும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சொல் எழுதுவோர் ஒருவர், மெட்டமைப்போர் ஒருவர், வாத்தியங்களை வகுப்போர் ஒருவர், பாடுவோர் ஒருவர். முன்னர் இவர்கள் ஒவ்வோர் இசைத்தட்டுக் கம்பனிக்கே கட்டுப்பட்டிருந்தனர். 1960ஆம் ஆண்டுகளில் அக்கட்டுத் தளர, தனித்தியங்கும் ஆசிரியர் எழுந்தனர். அவருள் அக்கு யூ பாட்டெழுதுவதிலும், த்சுத்சுமி கியோஹெய் மெட்டமைப்பதிலும் ஒப்பாரின்றி விளங்கினர். இருவரும் இணைந்து 1971இல் ஆக்கிய 'மீண்டும் சந்திக்கும் நாள்வரை' என்னும் பாட்டு அவ்வாண்டின் இசைத்தட்டுப் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு தொடங்கிய 'நட்சத்திரப் பிறப்பு' என்னும் தொலைக்காட்சித் தேர்வு நிகழ்ச்சி, பள்ளி மாணவியரைப் பாடகியராக்கிற்று. அவ்வழி வந்த யமகுச்சி மொமொயே 1973இற் பதினான்கு வயதிற் பாடத் தொடங்கினார். 1980 ஒக்டோபரில், திருமணத்தின்பொருட்டு, இருபத்தொரு வயதிலே பாட்டுலகினின்று விலகினார். இறுதிப் பாட்டு முடிந்ததும் வெண்ணிற ஒலிவாங்கியை மேடையில் வைத்துவிட்டுச் சென்றவர் பின்னர் மேடையேறிற்றிலர். அவர் மூப்படைந்ததை இரசிகர் கண்டிலர். ஆதலின் அவர்தம் இளமையும் அவரோடு அங்கேயே நிற்பதாயிற்று.

இக்காலப் பாட்டுக்களின் உட்பொருளை நோக்கின், அவற்றுட் பெரும்பாலன பிரிவைப் பாடுவன. 1972இல் சியாக்கி நவோமி பாடிய 'கரகோஷம்' என்பதில், முன்னாட் காதலனின் மரணச் செய்தி பெற்ற பாடகி ஒருத்தி, துயரை மறைத்து மேடையேறுகின்றாள். 1973இல் வெளிவந்த 'கந்தா ஆறு' என்பதில், வறிய சிற்றறையிலே காதலனோடு வாழ்ந்த நாளை ஒருத்தி நினைவுகூர்கின்றாள். 1977இல் அக்கு யூ எழுத இஷிக்காவா சயுரி பாடிய 'த்சுகாரு நீரிணையின் குளிர்காலம்' என்பதில், உவேனோவிலிருந்து இரவு வண்டியில் வந்த ஒருத்தி பனிபெய்யும் அவோமொரியில் இறங்கி, ஹொக்கைதோ செல்லும் ஓடத்தில் அழுதவண்ணம் ஏறுகின்றாள். இவற்றில் வரும் மாந்தர்க்குப் பெயரில்லை. அகப்பாட்டிலே தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்பெறாது என்னும் தொல்காப்பிய நெறியை அறிந்தோர் இதன் பயனை எளிதில் உணர்வர். பெயர் கூறாதவிடத்துக் கேட்போர் தம் பெயரை இட்டுக்கொள்வர். கடலும் தனிமையும் இரங்கலும் கூடிய த்சுகாருப் பாட்டை நெய்தற்றிணையின் தொலைதூர உறவு எனினும் பொருந்தும்.

அப்பாட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1988 மார்ச்சு மாதத்திற் கடலடிச் சுரங்கப் புகைவண்டிப் பாதை திறக்கப்பெற்றமையின் அந்நீரிணையின் புகைவண்டித்துறை ஓடம் நின்றுபோயிற்று. இன்று அவ்வழியே அவ்வாறு செல்ல ஒருவராலும் இயலாது. பாட்டின் வழியாக மட்டுமே இயலும். அவோமொரித் துறையில் ஓய்ந்து நிற்கும் பழைய கப்பலொன்றின் அருகே அப்பாட்டை ஒலிக்கும் நினைவுச்சின்னம் ஒன்று வைக்கப்பெற்றுள்ளது. வரலாற்று நூல் ஓடம் ஓடிய ஆண்டுகளைக் கூறும். அவ்வோடத்தில் ஏறியவரின் நெஞ்சைக் கூறுவது பாட்டே.

கேட்டாரைப் பாடுவோராக்கிய கருவி 'கரவோக்கே'. 'வெறுமையான வாத்தியக்குழு' என்பது அச்சொல்லின் பொருள். 1967இல் நெகிஷி ஷிகெயிச்சியும், 1971இற் கோபே நகரில் இனவுவே தைசுக்கேயும் தனித்தனியே இத்தகைய பொறிகளை அமைத்தனர். அலுவலகத்தில் வாய்திறவாத எழுத்தர் ஒருவர் மாலையில் மதுக்கடை மூலையில் ஒலிவாங்கியைப் பற்றித் தம் இளமைப் பாட்டைப் பாடுதல் இதனாற் கைகூடிற்று. பழம்பாட்டு இதனாற் காட்சிச்சாலைப் பொருளாகாது வாயிற் பயிலும் பொருளாக உயிர்வாழ்ந்தது.

இளமைக்காலப் பாட்டே நெஞ்சில் நிலைப்பது எதனால்? முதியோரிடம் வாழ்நாள் நினைவுகளைக் கேட்டறிந்த உளநூலார், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மிகுதியாக எஞ்சுவதைக் கண்டனர். முதற் பிரிவு, முதல் ஊதியம், முதற் காதல் என முதன்முறை நிகழ்வன பலவும் அவ்விடைக்காலத்தன. தான் யார் என்னும் எண்ணம் உருப்பெறுவதும் அப்போதேயாம். அவ்வேளை ஒலித்த பாட்டு அந்நிகழ்ச்சிகளோடு சேர்த்துத் தைக்கப்படுகின்றது. பின்னர் நூலின் ஒரு முனையை இழுக்க மறுமுனையும் வருகின்றது. யப்பானிய முதியோர் இல்லங்களிலே பழம்பாட்டுக்களைக் கூடிப் பாடுவித்தல் பயனுடைய பணியாகப் போற்றப்படுவது இதுபற்றியே.

1989ஆம் ஆண்டு இவ்வுலகின் எல்லைக்கல். சனவரி 7ஆம் நாள் பேரரசர் மறைய ஷோவா காலம் முடிந்தது. யூன் 24ஆம் நாள் மிசோரா ஹிபாரி ஐம்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். 'ஆற்றின் ஓட்டம் போல' என்னும் அவர்தம் இறுதிக்காலப் பாட்டு அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் வெளிவந்திருந்தது. 1978 முதல் வாரந்தோறும் பாட்டுக்களை வரிசைப்படுத்திவந்த 'சிறந்த பத்து' என்னும் நிகழ்ச்சியும் செப்தெம்பரில் நின்றது. அதன்பின் இசை காதுக்கருவிக்குட் புகுந்து தனியுடைமையாயிற்று. குடும்பம் முழுதும் ஒருங்கே அறிந்த பாட்டு அருகிற்று.

ஆயினும் கதை அங்கே முடிந்திலது. மத்சுபரா மிக்கி 1979இற் பாடிய 'நள்ளிரவின் கதவு' என்னும் பாட்டு 2020இல் இணையவழி உலகெங்கும் பரவிற்று. அவர் 2004இலேயே மறைந்துவிட்டார். அவர் பாடியபோது பிறந்திராத பிறநாட்டு இளைஞர் அதனைக் கேட்டு, தாம் காணாத நகரத்து இரவுகளுக்காக ஏங்கினர். யப்பானிய இளைஞரிடத்தும் ஷோவா காலப் பொருள்மீது விருப்பம் பெருகியுள்ளது. வாழ்ந்திராத காலத்தின்மேல் வரும் இவ்வேக்கம் உண்மையானதா என்னும் வினா எழுகின்றது. அவர்கள் நினைவுகூர்வது கடந்தகாலத்தையன்று. தம் நிகழ்காலத்திலே தமக்குக் கிட்டாத ஒன்றை, அதாவது பலரும் சேர்ந்து ஒன்றைக் கேட்ட கூட்டுறவை, அவர்கள் அப்பாட்டுக்களில் தேடுகின்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இப்பழம்பாட்டுக்களை மதிப்பிடுமிடத்து ஒரு நடுநிலை வேண்டும். அவை தம் காலத்தின் முழு வரலாறாகா. பொன் முட்டைகளின் களைப்பையும், பதினான்கு வயதுச் சிறுமியரின் உழைப்பையும், ஆடவனுக்காகக் காத்திருத்தலையே பெண்ணின் இயல்பாகக் காட்டிய சொல்வழக்கையும் இனிய மெட்டு மறைத்துவிடுதல் உண்டு. ஆனால் அவற்றைப் பொய்யென ஒதுக்குதலும் தகாது. உவேனோ நிலையத்திலே பெட்டியோடு நின்ற சிறுவனுக்குக் குரல் கொடுத்தது ஆட்சியாளர் அறிக்கையன்று, ஒரு பாட்டு. அச்சிறுவன் முதியவனாகி அதனைப் பாடும்போது, கண் கலங்குவது அக்காலம் நல்லதாயிருந்தது என்பதனாலன்று. அக்காலத்தைத் தான் கடந்துவந்தான் என்பதனாலேயாம். அருகிருக்கும் பேரன் ஒருகால் அதனைச் செவிமடுத்து, உவேனோ எங்குள்ளது என்று வினவுவானாயின், பழம்பாட்டு தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.